நீ வாசிக்காமல் விட்ட வரிகள்

மகளே என்று தொடங்கக் கை வரவில்லை. அண்ணனுடைய பிள்ளையைப் பெறாமகள் என்று சொல்வது எங்கள் வழக்கம். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததே இல்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்றுதான் லண்டனில் எங்கள் மிச்சம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிந்தது. ஆகவே, பெறாமகளே, ஆறுதலாக இருந்து இதை வாசி. ஒரு வரியும் விடாமல் வாசி. அது உனக்குப் பழக்கமில்லாத வேலை என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

இதை உன்னுடைய போனுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. ஆனாலும் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டாம் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், இப்படி எழுதக்கூடிய ஆள் தேம்ஸ் நதிக்குத் தெற்கே வேறு ஒருவரும் இல்லை. கண்டுபிடிக்கட்டும். ஊர் என்ன கதைக்கும் என்று பயந்துதான் இந்தக் கோதாரி எல்லாம் நடந்தது. எனக்கு எச்.ஐ.வி இருக்கிறது. கண்டுபிடித்து இருபது வருஷம். இந்த இருபது வருஷத்தில் ஒரு மருந்துக் குளிசைகூடப் போடவில்லை, கிருமியை எண்ணிப் பார்த்தால் எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படாது. எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று என்னை நீ இளக்காரமாகப் பார்க்கிறாய். அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்துப் பட்டத்துக்குச் சமம். ஏழு நாட்டு எல்லையைக் கடந்து வந்தவன் நான். அதில் மூன்றைக் குளிரூட்டிய மீன் லொறிக்குள் படுத்துக் கடந்தேன். நான் வேலை செய்கிற பெற்றோல் ஸ்ரேசனில் கத்தியோடு வந்த நாலு பேரைத் தரை துடைக்கிற தடியால் அடித்துக் கலைத்தேன். இரண்டு பேர்தான் என்று நீ வழக்கம் போலத் திருத்துவாய். மற்ற இரண்டு பேரும் வெளியே காரில் இருந்தார்கள், அதை நீ காணவில்லை.

நோய் பிடிபட்ட கதையை நீ கட்டப் போகிற மாப்பிள்ளைக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாய், நான் முழுதாகச் சொல்கிறேன். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபத்தில் ஒரு பழைய மாணவர் சங்கம் இரத்ததானம் வைத்தது. நான் அந்தப் பள்ளிக்கூடத்து மதிலைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றால் முதல் ஆளாக நான் நிற்க வேண்டாமா? "படம் எடுக்கிற தம்பி, இஞ்சாலை வாரும்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் கட்டிலில் ஏறினேன். அதற்கு முன் ஒரு பத்திரம் தந்தார்கள், நிறையக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு இழுத்தேன். நல்ல மனுஷனுக்கு 'இல்லை' என்பதுதானே பதில். சில கிழமை கழித்து, உடனே வந்து காணச் சொல்லி ஒரு கடிதம் வந்தது.

அந்த நாளில் நம் வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் வாசித்தது நீதான். கவுன்சில் கடிதம், காஸ் கடிதம், பெனிபிட் கடிதம். உன் பள்ளிக்கூட அறிக்கையையும் நீயே வாசித்து, நீயே உன்னைப் புகழ்ந்து சொன்னாய். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். கிளினிக்கில் டாக்டர் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தருகிறோம் என்றார். நான் வேண்டாம் என்றேன். லண்டன் தமிழரெல்லாம் ஒரே கிணற்றில் தண்ணி அள்ளுகிற சனம். வருகிறவர் யாருடைய மச்சானோ, யாருடைய மருமகளோ. காலையில் நான் வாய் திறந்தால் மத்தியானம் லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் ஊரில் இருப்பவர்களுக்குச் சோற்றோடு கதை பரிமாறப்படும். "மை இங்கிலிஷ் வெரி குட்" என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எச்.ஐ.வி என்றது விளங்கியது. 'குட்' விளங்கியது. 'ரேர்' விளங்கியது. மற்றதெல்லாம் மழைச் சத்தம். பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் கடிதமாக வீட்டுக்கு வந்தது. அதை உன் கையில் தந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது.

பள்ளிக்கூட உடுப்போடு குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு வாசித்தாய். மனதுக்குள் வாசித்தாய், மற்ற நாட்களில் உரத்து வாசிக்கிறவள். உன் காது மடல் சிவந்ததைக் கண்டேன். பிறகு தாளை நாலாக மடித்துவிட்டுச் சொன்னாய்: "சித்தப்பா, உங்கடை ரத்தம் சரியான ஸ்ட்ரோங்காம். கிருமியை அது அடக்கிப் போட்டுதாம். மருந்தொண்டும் தேவையில்லையாம். சும்மா இடைக்கிடை வந்து காட்டட்டாம்." என்ன கிருமி என்று உனக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கிச் சுற்றினேன். அன்றைக்குப் பொரித்த கோழி வாங்கித் தின்றோம், நீ முழுதாகத் தின்னவில்லை.

அந்தச் சொல்லின் மேல்தான் இருபது வருஷம் நின்றேன். நோயின் பேரைச் சொல்லாமல் எல்லாருக்கும் சொன்னேன். இங்கிலாந்தின் பெரிய டாக்டர்மார் வருஷத்தில் எத்தனையோ தரம் என்னைக் கூப்பிட்டுக் குழாய் குழாயாக இரத்தம் எடுக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளைக் கலங்களை, செல் என்கிறார்களே, அவற்றைப் பிரித்து ஐஸில் வைத்து விமானத்தில் ஏற்றுகிறார்கள். அரண்மனை டாக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். முடி வெட்டுகிறவருக்குச் சொன்னேன், கோயில் தலைவருக்குச் சொன்னேன், பெற்றோல் அடிக்க வந்த போலீஸ்காரனுக்கும் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டால் ஊரில் குடித்த பனங்கிழங்கு ஒடியல் கூழ் என்றேன். அதைக் கேட்டு இரண்டு குடும்பம் கூழ் காய்ச்சத் தொடங்கியது. நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். பிறகு அதே துறையில் படிக்கப் போனாய். மருந்தில்லாமல் கிருமியை அடக்கி வைத்திருக்கிற ஆட்களின் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலை. "என்ரை ரத்தம்தான் இவளைப் படிப்பிச்சது" என்று அதையும் நான் என் கணக்கிலேயே சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் மிச்சம் ஊரில் ட்ராமால் இறங்கும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு ஆசுப்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், கடிதம் வந்தது. வழக்கம் போல உன்னைக் கூப்பிட்டேன். நீ தனியாக வரவில்லை. உன் பார்க்கிங் ஊர் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு தடித்த கோப்போடு வந்தாய். நான் பற்றிஸ் பொரித்து, பால் தேத்தண்ணியும் வைத்தேன். கலியாணக் கதை கதைக்க வந்தீர்களாக்கும் என்று நினைத்த மடையன் நான்.

"சித்தப்பா, இருங்கோ. இண்டைக்கு எல்லாத்தையும் வாசிக்கப் போறன்."

"வந்தது ஒண்டுதானே பிள்ளை. அதை வாசி, காணும்."

"இல்லை. முதல் கடிதத்திலை இருந்து."

வாசித்தாய். ஒவ்வொரு கடிதத்திலும் நீ அந்தக் காலத்தில் சொல்லாமல் விட்ட வரிகளை மட்டும் மஞ்சள் மையால் கீறி வைத்திருந்தாய். கிருமி போகவில்லை, கலங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த நிலை என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய உடம்பில் கிருமியை எதிர்க்க உதவுகிற கலங்கள் மெல்ல மெல்லக் குறைகின்றன. மருந்து தொடங்குவது நல்லது என்று சொன்னோம், வேண்டாமென்றார். திரும்பச் சொன்னோம், திரும்பவும் வேண்டாமென்றார்.

"நான் எப்ப வேண்டாமெண்டனான்?" என்று கத்தினேன்.

"ஒவ்வொரு முறையும். 'நோ நீட், மை பிளட் ஸ்ட்ரோங்' எண்டு சொன்னனீங்களாம். அதையும் அப்பிடியே எழுதியிருக்கினம்."

மாப்பிள்ளை பற்றிஸை வாய்க்குள் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது, அவனுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். என் உடம்பின் கதையை எனக்குச் சொல்வதற்கு முதல் அவனுக்குச் சொல்லியிருக்கிறாய்.

"என்ரை ரத்தம் கிருமியை வெண்டதெண்டு சொன்னது நீதானேயடி!"

"வெண்டதுதான் சித்தப்பா. ஆனா சண்டை இன்னும் முடியேல்லை." பிறகு உன் வேலையை எனக்கு விளக்கத் தொடங்கினாய். உடம்பில் எந்தக் கலத்தை எடுத்தாலும் உள்ளே ஒரே புத்தகம்தானாம், ஜீன் என்பது அதில் இருக்கிற வரிகளாம். எந்தக் கலம் எந்த வரியை உரத்து வாசிக்கிறது, எதை வாசிக்காமல் விடுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறதாம். என்னைப் போன்ற ஆட்களின் கொல்லுகிற கலங்களில், கிருமி புகுந்த கலத்தை ஓட்டை போட்டுக் கொல்லுகிற வரிகளைப் பலமாக வாசிக்கிறதாம். "அது நல்லது. ஆனா 'ஆபத்து, ஆபத்து' எண்டு கத்துற வரியளும் இருக்கு. உங்களைப் போல கன பேருக்கு அதுகளும் வாய் மூடுறேல்லை. இருபது வருஷமா உடம்பு அந்தச் சத்தத்துக்குள்ளை கிடக்குது. ரத்தக் குழாயும் நெஞ்சும் அதாலை பழுதாகலாம். இப்ப வந்த கடிதத்திலை உங்கடை நெஞ்சுக்குழாய் அடைச்சிருக்கெண்டுதான் கிடக்கு. குளிசை போட்டா சத்தம் குறையும்."

"அப்ப கூழ்?"

"கூழுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அந்த இடத்தில்தான் எனக்கு விசர் பிடித்தது. நெஞ்சுக்குழாய் அடைத்ததைவிட அது மோசமாக இருந்தது. என் துணிவு, என் வைராக்கியம், லொறிக்குள் படுத்து வந்த உரம் என்று நான் நினைத்ததெல்லாம், நான் கேட்காமலே என் கலம் வாசித்த ஏதோ வரியாம். அதையும் விட, வேண்டிய வரியை உரத்து வாசித்து, வேண்டாத வரியை விழுங்குகிற வேலையை என் கலத்துக்கு முதல் என் வீட்டில் நீ செய்திருக்கிறாய். கோப்பைப் பிடுங்கி எறிந்தேன். பொய்க்காரி என்றேன். தின்ற சோற்றுக்கு நஞ்சு வைத்தவள் என்றேன். மாப்பிள்ளை எழும்பி, "அங்கிள், அவ சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ" என்றான். "நீர் இன்னும் மருமகன் ஆகேல்லை, இரும்" என்றேன். இருந்துவிட்டான். பயந்த பெடியன், பற்றிஸ் நாலு தின்றான்.

நீ அழவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாய். "முதல் பயத்திலை விட்டனான் சித்தப்பா. நீங்களும் சாகப் போறியள் எண்டு நினைச்சன். பிறகு நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் போட்டியள். உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு அதை உடைக்க எனக்கு ஏலாமப் போச்சு" என்றாய். வாசலில் நின்று திரும்பி, "குளிசை தொடங்காட்டில் என்ரை கலியாணத்துக்கு வராதேங்கோ. அப்பா அம்மா ஷெல் விழுந்து போகேக்கை, சாகாதேங்கோ எண்டு கேக்கிறதுக்கு எனக்கு ஆருமில்லை. உங்களைக் கேக்கலாம், அதாலை கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய். என்னை வராதே என்று சொல்ல உனக்கு நாக்கு வந்தது. உன் தாய் தகப்பன் போனபின், ஏழு வயதில் கொழும்பிலிருந்து உன்னை எடுப்பித்தவன் நான். உன் கலியாணப் பதிவு எழுத்துக்கும் தாலிக்கும் நாள் பார்த்தவன் நான்.

ஐந்து நாளாக உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ட்ராமில் திட்டினேன், ஷிப்டில் திட்டினேன். திட்டுவதற்குச் சொல் தீர்ந்துபோன இடத்தில் என் பொய்கள் நினைவுக்கு வந்தன. அவற்றையும் உன் முகத்தில் எறிகிறேன், பிடித்துக்கொள். வரும் வழியில் கள்ளனோடு அடிபட்டுக் குத்து வாங்கினேன், அங்கே ஏற்றிய இரத்தத்தில் வந்தது இந்த நோய் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? குத்தும் இல்லை, கள்ளனும் இல்லை. ஏஜென்சிக்காரன் எங்களைப் பாதி வழியில் ஒரு நாட்டில் மாதக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தான். அந்த மாடிக் கட்டடத்தில் உடுப்புத் தோய்த்துத் தந்த ஒரு பெண். எனக்கு அவளுடைய பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. அவளிடம் நான் ஒரு புழுகும் சொன்னதில்லை, சொல்ல வழியில்லை. என்னிடம் இருந்த வரிகள் அவளுடைய கலங்களில் இருந்தனவோ, இல்லையோ. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவள் பேர் எனக்குத் தெரியும். அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. உனக்காகத்தான் நான் கலியாணம் கட்டவில்லை என்று உன் முன்னாலேயே ஆயிரம் தரம் சொன்னேன். சனம் உன்னைப் பார்த்து, "பாத்தியே, உன்ரை சித்தப்பாவின்ரை தியாகத்தை" என்று சொல்லும்போது நீ தலையைக் குனிவாய். அது எனக்கு நல்லாகத்தான் இருந்தது. நான் கட்டாததற்குக் காரணம் அந்தக் கடிதம். நீ காரணமே இல்லை. இருபது வருஷம் உன் தலையில் இல்லாத பாரத்தை ஏற்றி வைத்து நடத்தினேன். ஆனபடியால் பொய் சொல்ல நீ எங்கே படித்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் கோபம் பாதியில் நின்றுவிடும், எனக்கு அது நிற்க வேண்டாம்.

புத்தி சொல்லாமல் கடிதம் முடிக்கிற வழக்கம் எனக்கில்லை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, நாலு எழுத்து வாசிக்கப் பழகினால், அதன் கையில் உன் ஆசுப்பத்திரிக் கடிதத்தைக் கொடுக்காதே. உனக்கு இங்கிலிஷ் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு வேறு ஏதோ தெரியாமல் போகும், அந்த நாளுக்காகச் சொல்கிறேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மற்றத் தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான்: வெட்கத்தைக் காப்பாற்ற அந்நிய ஆளை ஒதுக்கிவிட்டு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ. பிள்ளை வாசிப்பது தாளை அல்ல, உங்களுடைய முகத்தை.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். தனியாக. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். மேசையில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒரு பெண்ணைப் பேச விட்டார்கள். அவள் தன் பேரைச் சொல்லவில்லை, ஒரு இலக்கத்தை மட்டும் சொன்னாள். "வணக்கம் ஐயா, நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் அப்பிடியே சொல்லுவன், டொக்டர் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன்" என்றாள். எங்கள் பக்கத்துப் பேச்சு, வடமராட்சி வாசம் அடித்தது. எந்த ஊர் என்று கேட்பாள், யாருடைய ஆள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. எனக்குத்தான் கேட்கச் சொல்லி வாய் உன்னிக்கொண்டு நின்றது. டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சொன்னாள். நீ மஞ்சளால் கீறிய வரிகள் எல்லாம், கூட்டாமல் குறைக்காமல். நீ பிழையாக வாசிக்கவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையாவது.

பிறகு டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். போன் பெண் சொன்னாள்: "ஐயா, இவ்வளவு காலமும் நாங்கள் அனுப்பின கடிதங்களை ஆர் உங்களுக்கு வாசிச்சுச் சொன்னது எண்டு டொக்டர் கேக்கிறார். பிழையாச் சொன்னவையோ எண்டும் கேக்கிறார்."

பெறாமகளே, அந்த நேரம் உன் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, உன் பேர், உன் பட்டம், நீ வேலை செய்கிற இடம் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து சொல்லியிருக்க வேண்டும்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை. நான் ஒரு கடிதத்தையும் உடைச்சுப் பாக்கேல்லை. எனக்கென்ன வருத்தம் எண்ட எடுப்பு. வந்த உடனை கிழிச்சு எறிஞ்சிட்டன்" என்றேன்.

 பிறகு அவள் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னாள். டாக்டர் எழுதினார். நீளமாக எழுதினார். சொன்னதைக் கேட்காத, படிப்பறிவில்லாத, திமிர் பிடித்த கிழவன் என்று எழுதியிருப்பார், எழுதட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் பேர் எந்தக் கோப்பிலும் வராது. நான் இதுவரைக்கும் விட்ட புழுகுகளில் என்னைக் கெட்டவனாகக் காட்டிய புழுகு இது ஒன்றுதான். என் வாய்க்கு அது நன்றாக வரவில்லை. அந்தப் பெண் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

குளிசை தந்தார்கள். நாளுக்கு ஒன்று. போட்டுக்கொண்டு வருகிறேன். நாலு நாளாகிறது, ஒன்றும் தெரியவில்லை. உனக்காகப் போடவில்லை. நீ வராதே என்று சொன்ன இடத்துக்கு உரிமையோடு வருவதற்காகப் போடுகிறேன். கலியாணத்துக்கு வருவேன், முன் வரிசையில் இருப்பேன், கூழின் மகிமையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சொல்லுவேன். உன் மாப்பிள்ளைக்கு இனிமேல் ஒரு பற்றிஸும் கொடுக்கமாட்டேன். அதுவரைக்கும் போன் எடுக்காதே, வீட்டுக்கு வராதே. கோபம் ஆறவில்லை. ஆறினால் நானே வந்து கதவைத் தட்டுவேன். நீ திறக்க வேண்டும்.

சித்தப்பா